தெருமுக்குச் சத்தம்

“டீசல்தான்” என்றார் சங்கரலிங்கம். சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டார். இனிமேல் பேச்சு இல்லை என்று அர்த்தம்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மூத்த மருமகள் பரிபூரணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி முழுக்கப் புருஷன் வைகுண்டராஜுக்குப் பாடம் சொல்லி அனுப்பியவளே அவள்தான்.

அவனும் விடவில்லை. “அப்பா, நாள் பூரா ஓடுற வண்டிக்குத்தான் டீசல் கட்டுப்படியாகும். நமக்கு ஏது ஓட்டம்? நம்ம பேண்டேஜ் ஆலைக்கு ரெண்டு மைல். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில். வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் ஒரே நடையில போகணும்னுதான பழைய காரைக் கொடுத்துட்டுப் பெரிய வண்டி வாங்குதோம்? பெட்ரோல் ஜீப்புன்னா வாசல்ல வந்து நிக்கிறதுகூடத் தெரியாது.”

“அதான் வேண்டாங்கேன்.”

“பரிபூரணத்துக்கு டீசல் வாடை ஆகாதுப்பா. ஏழு மாசம். வளைகாப்பு முடிச்சு கூமாப்பட்டிக்கு அவ அம்மா வீட்டுக்கு எப்படிப் போவா?”

“அதுக்கு வாடகைக் கார் பேசிக்கிடுவோம்.”

வாசலில் சொந்த வண்டி நிற்குமாம், மருமகள் வாடகைக் காரில் போவாளாம்! கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதும் மனுஷன் பேசுகிற பேச்சா இது?

பரிபூரணத்துக்கு அவர்மேல் பழைய கோபம் ஒன்றும் பாக்கி இருந்தது.

அந்த வீட்டில் மாமனார் முன்னால் மருமகள்கள் உட்கார மாட்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அப்படித்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பரிபூரணமும் இளையவளும் ஹாலில் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, டி.வி. பார்ப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுக்கென்று உள்ள நேரம். அதற்கும் ஆபத்து உண்டு. பழைய பெட்ரோல் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மாமனார் எப்போது வருவார் என்று தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால்தான் உண்டு. இரண்டு பேரும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

“வேவு பாக்காருக்கா, வேவு” என்பாள் இளையவள்.

போன மாதம் அப்படிப் பதறி எழுந்ததில் சேலை நாற்காலியில் மாட்டி, பரிபூரணம் கீழே விழுந்துவிட்டாள். நல்லவேளை, அவர் உள்ளே வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். முற்றத்தில் வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். பிள்ளை திரும்ப அசைகிறவரைக்கும் அவள் உடம்பில் உயிர் இல்லை.

மறுநாள் தரகர் பொன்னுராஜ் இரண்டு ஜீப்புகளைக் கொண்டுவந்தார். ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். ஓட்டிப் பாருங்கள் என்றார்.

சங்கரலிங்கம் ஓட்டவில்லை. கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஹாலில் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“தெருமுக்குல இருந்து ஒண்ணு ஒண்ணா ஓட்டிட்டு வாரும். மொதல்ல பெட்ரோல்.”

பொன்னுராஜ் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து சங்கரலிங்கம் பொறுமையிழந்து, “எங்கய்யா, இன்னுமா வரல?” என்றார்.

“வந்து வாசல்லதான் நிக்கேன், மொதலாளி.”

அடுத்தது டீசல். தெருமுக்கில் திரும்பும்போதே அலமாரித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

சங்கரலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “இது” என்றார். டீசல் ஜீப்பே முடிவானது.

“வண்டி வாங்குனது தெருவுக்கே தெரியணுமாம். இதுக்குத் தமுக்கடிச்சுச் சொல்லிரலாம்” என்று பரிபூரணம் அடுக்களையில் பொருமினாள். “எம் புள்ளையவிட இவருக்குப் பவுசு பெருசாப் போச்சு.”

அன்று சாயங்காலம் மாமனாருக்குக் காப்பி கொண்டுபோனவள், அறைக்குள் மாமியார் வேலுத்தாயின் குரல் கேட்டு வெளியிலேயே நின்றாள்.

“புள்ளத்தாச்சிக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும் டீசலை வாங்கியிருக்கியளே, நல்லாவா இருக்கு?”

“ஏட்டி, மெதுவாப் பேசு. போன மாசம் அது விழுந்துச்சே, முற்றத்துல வழுக்கியா விழுந்துச்சு? நான் வந்துட்டேன்னு பதறி எந்திரிச்சுல்லா விழுந்துச்சு. ஜன்னல் வழியாப் பாத்துட்டு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்படியே தெருவுக்குத் திரும்பிப் போயி, செத்த நேரம் நின்னுட்டு, பொறவுதான் இருமிக்கிட்டே உள்ள வந்தேன்.”

வெளியே பரிபூரணத்தின் கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“வண்டிச் சத்தம் தெருமுக்குலயே கேட்டுட்டா, அதுக நெதானமா எந்திரிக்கும்லா?”

“என் முன்னால ஒக்காருங்கன்னு நீங்களே சொல்லிருக்கலாமே.”

“சொன்னா ஒக்காருமா? மறுநாள்ல இருந்து ஹால் பக்கமே வராதுக. இருக்கிற அந்தச் செத்த நேரமும் போயிரும்.”

“சரி, முக்குல ஒரு ஹாரன் அடிச்சாப் போதாதா? அதுக்கு இம்புட்டுப் பெரிய டீசல் வண்டியா?”

சங்கரலிங்கம் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

“ஹாரன் அடிச்சா, அதுக ஒக்காந்திருக்கது எனக்குத் தெரியும்னு அதுகளுக்குத் தெரிஞ்சுபோகும்லா.”