தம்பி பிடித்த குடை

மாப்பிள்ளை ராஜ்மோகன் பிள்ளையார் கோயிலிலிருந்து கிருமாம்பாக்கம் கல்யாண மண்டபத்துக்கு ஊர்வலமாக வரும்போது தூறல் விழுந்தது. வழக்கப்படி அவன் கையில் எலுமிச்சம்பழம் குத்திய கத்தி. தம்பி செந்தில்நாதன் ஓடிவந்து குடை பிடித்தான். தான் தொப்பலாக நனைவது அவனுக்கு உறைக்கவே இல்லை.

மணப்பெண்ணின் சித்தி வசந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மகள் அனுப்பிரியாவுக்கு வரன் தேடிக் களைத்துப்போயிருந்தவள் அவள்.

மணமேடையிலும் தம்பி நகரவில்லை. பழத்திலிருந்து சாறு வழியும்போதெல்லாம் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தான். பந்திக்குக் கூப்பிட்டும் போகவில்லை.

"அண்ணனையே இப்டித் தாங்குறான். பொண்டாட்டிய எப்டித் தாங்குவான், பாருடி!"

"சும்மா இரும்மா, யாருக்காவது கேக்கப்போவுது," என்றாள் அனுப்பிரியா. ஆனால் பார்த்தாள்.

வசந்தா பையனின் அம்மாவிடம் போய்ப் பேச்சை எடுத்தும்விட்டாள்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலியை வாங்க ராஜ்மோகன் கத்தியைக் கீழே வைத்ததுதான் தாமதம், செந்தில்நாதன் அதை எடுத்துக்கொண்டு மேடையை விட்டே ஓடினான். அண்ணன் தாலி கட்டுவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வசந்தா பதறிப் பின்னால் போனாள். "இன்னா தம்பி ஆச்சு?"

"ஆப்கானிஸ்தான் கத்தி அத்தை! நூத்தம்பது வருசத்துப் பழசு, ஏலத்துல எடுத்தேன். வூட்டுக் கத்தியக் காணோம்னு அம்மா இதத் தூக்கிக் குடுத்துடுச்சி. மழ வேற, எலுமிச்ச சாறு வேற! துரு ஏறிடுமோன்னு காலைலேர்ந்து எனக்கு உசுரே இல்ல." கத்தியைக் குழந்தையைப்போலத் துடைத்தபடி கேட்டான். "ஏதோ பொண்ணு இருக்குன்னு சொன்னீங்களாமே?"

"இருக்கா தம்பி. ஆனா அவளுக்கு இருபத்தாறுதான் ஆவுது. நூத்தம்பது ஆவட்டும், அப்பறமா பேசலாம்."