சங்கிலிக்குப் பல் விளக்குகிறவன்

பின்னறையில் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. அதன் வயிற்றில், புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கழற்றிய மோட்டார். பெட்ரோல் நெடி குமட்ட, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிறாள் மனைவி. ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, குழந்தைக்குப் பல் விளக்கிவிடும் கரிசனத்தோடு, சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தேய்க்கிறான் அவன். பிரஷ் நுனியில் கறுப்பு கிரீஸ் திரண்டு சொட்டுகிறது. பச்சைப் பிடி. அவளுடைய பல் பிரஷ். ஒரு வாரமாக வாயெல்லாம் கசப்பு. பேஸ்ட்தான் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“அடப்பாவி மனுஷா, அது என் பிரஷ்!”

“ஏன் கத்துற? தெனமும் கழுவித்தானே வைக்கிறேன்.”

“உங்க பிரஷ்ஷால தேய்க்க வேண்டியதுதானே?”

அவன் முகம் அருவருப்பில் சுளிக்கிறது.

“சீ! அதுல நான் பல்லு வெளக்க வேணாமா?”