உள்பக்கம் வெளியே

எங்கள் மயிலாப்பூர் மாடி ஜன்னலுக்குக் கீழே மரப்பட்டறை. மாலை வெயிலில் தேக்குத் தூள் மிதக்கிறது. மேசை இழுப்பறைக்கான இரண்டு பலகைகளை, உள்பக்கம் வெளியே தெரியும்படி, இரும்புச் சட்டத்தில் வைத்து இறுக்குகிறாள் அங்கே வேலை பழகும் ஐரின். காலையில் மாற்றி வைத்ததில் இரண்டு பலகைகள் பாழாகிவிட்டன. "இன்னாம்மே, இதுவும் போச்சுன்னா மிஷின் பக்கமே வராத. உப்புத்தாளோட குந்து," என்கிறார் மேஸ்திரி கருணாகரன். அவள் சுவிட்சைப் போடுகிறாள். மரம் குடையும் ரூட்டர் அலறிக்கொண்டு சட்டத்தின் பல்வரிசைக்குள் நுழைந்து நுழைந்து திரும்புகிறது. மரத்தின் ஓரம் புறா வால்களாக விரிகிறது. பலகைகளைக் கோத்துத் தட்டுகிறாள். மேஸ்திரி இழுத்துப் பிரிக்கப் பார்க்கிறார். அவர் கழுத்து நரம்பு புடைக்கிறது; பலகைகளின் மூட்டு அசையவில்லை. "பசை தடவிக்கினியா?" "பசையும் இல்ல, ஆணியும் இல்ல. தள்ளுங்க மேஸ்திரி, இன்னும் மூணு மூலை கீது."