குடுவைச் சுமங்கலி

செண்பகவல்லி அக்காவின் கணவர் ஈரல் புற்றுநோயில் இறந்து ஆறு வருடமாகிறது. அவரிடமிருந்து எடுத்த புற்றணுக்கள் எங்கள் ஆய்வகக் குடுவையில் பெருகிக்கொண்டிருக்கும்வரை அக்கா சுமங்கலிதான். இப்போதெல்லாம் ஊரும் அதை ஏற்றுக்கொள்கிறது. வருடா வருடம் கல்யாண நாளன்று பூவும் பொட்டுமாக வந்து, நுண்ணோக்கியில் அவரைப் பார்த்துவிட்டுப் போவாள்.

இன்றும் வந்தாள். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"போன வருசத்துக்கு இந்த வருசம் தெளிவா இருக்காரு தாயி. குடிய விட்டுட்டாருல்ல, அதான்."

நான் தலையாட்டினேன். மார்ச்சில் ஒருநாள் போன் பேசிவிட்டு, கையுறை மாற்றாமல் அவருடைய குடுவையைத் திறந்துவிட்டேன். இரண்டே நாளில் பூஞ்சை படர்ந்துவிட்டது. பிளீச்சிங் ஊற்றித் தொட்டியில் கொட்டியதும் நான்தான். அக்கா இப்போது பார்த்தது யாரோ ஒரு திருச்சிக்காரரின் அணுக்கள். மேலே ஒட்டியிருந்த பெயர் மட்டும்தான் அவள் கணவருடையது.

கிளம்பும்போது குங்குமச் சிமிழைத் திறந்தாள்.

"நீதான தாயி அவரக் கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிற. வா, நெத்தியக் காட்டு."

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. நெற்றியைக் காட்டினேன்.