நேயர் விருப்பம்

போடி ஏலக்காய்க் கிட்டங்கியில் மதியச் சாப்பாட்டு நேரம். ரேடியோவுக்கு அடியில் பஞ்சம்மாள், மூட்டையில் சாய்ந்தபடி ராமுத்தாய், தராசுப் பலகையில் பேனாவும் காகிதமுமாக ஞானசெல்வி.

“தாயி, நாடகத்துல ஓடிப்போன மக திரும்பி வருவால்ல, அந்த எண்பதாம் பகுதிய மறுபடி போடச் சொல்லி நெலையத்துக்கு எழுது” என்று ஞானசெல்வியிடம் சொன்னாள் பஞ்சம்மாள்.

“மூணு தடவ போட்டுட்டாக மதினி. ஆத்தாக்காரி வையாம சோறு போடுறதுல என்ன இருக்கு?” என்றாள் ராமுத்தாய்.

“அதுலதான்டி எல்லாம் இருக்கு. அதையும் எழுது தாயி.”

ஞானசெல்வி அப்படியே எழுதி வாசித்துக் காட்டினாள். இருவரும் வேலைக்குத் திரும்பியதும் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘உன் ஆத்தா சொல்லச் சொல்ல எழுதியது. புறப்பட்டு வா.’

உறையின்மேல் வானொலி நிலையத்தின் பெயரை எழுதவில்லை. பஞ்சம்மாளின் மகள் நாலு வருஷத்துக்கு முன் நெசவுக்காரனோடு ஓடிப்போய்க் குடியிருக்கும் ஆண்டிபட்டி முகவரியை எழுதி, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டாள்.