அட்டை மாறிய வண்டி

“யாரைக் கேட்டு அறுத்தீங்க?”

வக்கீல் அக்காவின் குரலில் பட்டறையே அடங்கிப்போனது. சாணைக்கல்லை நிறுத்திவிட்டு மெக்கானிக் எழுந்து நின்றார். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கோர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தாள் அவள். பக்கத்தில் அவளுடைய தம்பி, வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பாவின் மோட்டார் சைக்கிள் அது. அவர் போன பிறகு மூன்று வருஷமாக அக்கா வீட்டு ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடந்தது. ‘பழையபடி ஓட வேண்டும், ஆனால் ஒரு ஸ்க்ரூகூட வேறு மாதிரி தெரியக்கூடாது’ என்று எழுதி, மெக்கானிக்கிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் அதை வெளியே விட்டாள்.

இப்போது அதில் பாதிதான் மிச்சம். நீளமான பழைய சீட் போய், வால்பக்கம் திமில் வைத்த ஒற்றை சீட். அகன்ற ஹேண்டில் போய், குனிந்து பிடிக்கிற குட்டைக் கைப்பிடிகள். மட்கார்டைக் கத்தரித்து, பக்கப் பெட்டிகளைக் கழற்றி எறிந்து, மேலே பளபளவென்று பெயின்ட்.

“இதுக்குப் பேரு கஃபே ரேஸர்மா,” என்றார் மெக்கானிக் ஈனஸ்வரத்தில். “பார்க்க எடுப்பா இருக்கும்.”

“உங்க சட்டையில ஒரு கையை வெட்டிட்டு எடுப்பா இருக்குன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? டேங்க் மேல நான், அப்பாவுக்குப் பின்னாடி இவன், அவனைப் பிடிச்சுக்கிட்டு அம்மா. நாலு பேர் போன வண்டி இது. இப்ப எங்கம்மா எங்கே உட்காருவாங்க, உங்க தலையிலயா?”

“தப்புதாம்மா. இதே மாடல், இதே கலர்ல இன்னொரு வண்டி நின்னுச்சு. அதைத்தான் இப்படி மாத்தச் சொல்லியிருந்தாங்க. கழுவறப்போ, என்ன வேலைன்னு எழுதி ஹேண்டில்ல கட்டின அட்டை ரெண்டும் மாறிப்போச்சு.”

“அந்த இன்னொரு வண்டி எங்கே?” அக்கா குறுக்கு விசாரணையில் இறங்கினாள்.

“அது பழைய மாதிரியே புதுசாயிடுச்சு. அவர் வந்து பார்த்தார். இதுவும் நல்லாத்தான் இருக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டார்.”

“அவருக்கு மனசு பெரிசு. எனக்கு அவ்வளவு பெரிசு இல்ல. நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் என் பையில இருக்கு. உங்களைச் செருப்புத் தேயக் கோர்ட்டுக்கு நடக்க வைக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

“கோர்ட்டு எதுக்குக்கா? யோவ், எங்கப்பா வண்டியை உரிச்சுத் தொங்கவிட்டுட்டு, அட்டை மாறிப்போச்சுன்னு கதை விடுறியா?”

பெஞ்சில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்தான். இன்னொரு கையால் மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினான்.

அக்கா திடுக்கிட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் இவன் யாரிடமும் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. ஆறிப்போன காபியைக் கொடுத்தால்கூட வாய் பேசாமல் குடித்துவிட்டு வருகிற பிள்ளை.

“டேய், கையை எடு. ஸ்பேனரைக் கீழே போடு. அடிச்சேன்னா கேஸ் உன் மேல திரும்பிடும்.”

“திரும்பட்டும். உள்ளே போறேன். நீ ஜாமீன்ல எடுக்க வேண்டாம்.”

“வயசுல பெரியவர்டா. வேணும்னேவா பண்ணினார்? தெரிஞ்சு பண்றதுக்கும் தெரியாமப் பண்றதுக்கும் சட்டத்துலயே வித்தியாசம் இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஐந்து நிமிஷம் முன்பு வரை வாதியாக நின்றவள், இப்போது பிரதிவாதிக்காகப் பேசிக்கொண்டிருந்தாள்.

தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

“திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா?”

“ஃபிரேமோட வால்பக்கத்தை அறுத்தாச்சும்மா. ஒட்டலாம். ஆனா ஒட்டு ஒட்டுதான். வேகத்துல போறப்ப நம்ப முடியாது.”

“என்ஜின்?”

“அதோட அமைப்புல கை வைக்கலைம்மா. சுத்தம் பண்ணி, தேய்ஞ்சதை மட்டும் மாத்தினேன்.”

கிக்கரை ஒரு மிதி மிதித்தார். வண்டி இருமியது. இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. டப், டப், டப் என்று அவசரமில்லாத சத்தம். சாயங்காலமானால் தெருமுனையில் கேட்கிற அதே சத்தம். அதைக் கேட்டதுமே டி.வி.யை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் தேடி ஓடியவர்கள் அக்காவும் தம்பியும்.

அக்கா கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“விட்டுடலாம்டா.”

“நான் விட மாட்டேன். இதைப் பழைய இரும்புக்குப் போடு. நான் தொடக்கூட மாட்டேன்.”

“அடி வாங்குவே. அப்பா வண்டி சும்மா நிக்கக்கூடாது. இதுல குனிஞ்சு உட்கார்ந்தா என் முதுகு போயிடும். நீதான் ஓட்டணும். நாளையிலேர்ந்து ஆபீசுக்கு இதுலதான் போறே.”

“அக்கா, என்னால...”

“மூச்சு விடக்கூடாது.”

பையிலிருந்த பேப்பரை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். “வருத்தப்படாதீங்க. இவன் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க,” என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

கார் கண்ணுக்கு மறைகிற வரை இருவரும் அசையவில்லை.

பிறகு தம்பி கையைக் கூப்பினான். “மன்னிச்சுக்கங்கண்ணே. ஒத்திகை பார்த்ததைவிட இன்னிக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு.”

“அட, நீங்க சட்டையோட விட்டீங்க தம்பி,” என்றார் மெக்கானிக். “போன மாசம் ஒருத்தர், அவங்கப்பா முன்னாடி, நிஜமாவே ரெண்டு அறை விட்டுட்டார்.”