வரும் வழி

காலைப் பத்து மணி வெயிலில் முன்னறை ஜன்னல் நொறுங்கி விழுகிறது. தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து இந்திய வம்சாவளிப் பிரதமரைச் சிறைபிடித்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் சவேனி கடற்கரையில் இருக்கும் இந்தச் சின்ன விடுதியின் வாசலில் இந்தியர் வீடுகளைத் தாக்கும் கும்பலோடு ஒரு லாரி வந்து நிற்கிறது. விடுதிக்காரர் மகேந்திரா பீரோவைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து முதுகால் அழுத்திக்கொண்டிருக்கிறார். கல் பட்ட நெற்றியிலிருந்து ரத்தம் மீசையில் இறங்குகிறது. "அந்தக் கம்பியப் புடுங்குடி! போலீசுக்குப் போன் போடணும்!" வீட்டுக்கு ஒரே போன் லைன், அதில் இன்டர்நெட் ஓடுகிறது. "ஏக் மினிட், பா. சைட்லேர்ந்து மேப்ப எடுத்துடறேன்," என்கிறாள் மகள் ஷலேஷ்னி, கீபோர்டை மடியில் இழுத்துக்கொண்டு மேசையடியில் குந்தியபடி. விடுதிக்கு ஆள் வரவேண்டுமென்று அவளே வரைந்து வெப்சைட்டில் போட்ட மேப் அது. முகம் தெரியாத வெப் ஃபோரம் நண்பர்கள் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். மேப் இல்லாத புதுப் பக்கம் மெல்ல ஏறுகிறது: எண்பது சதவீதம், தொண்ணூறு. நூறைத் தொட்டதும் கம்பியைப் பிடுங்குகிறாள். கோடரி இறங்கிக் கதவின் மேல்பலகை பிளக்கிறது. பிளவுக்கு அப்பால் ஒருவன் கையில் மடிப்பு விழுந்த தாள்: நீலக் கடல், அவள் வரைந்த தென்னை, வீட்டின்மேல் சிவப்பு அம்பு.